நாகூர்க் கண்ணாடி: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். எட்டு வயதில் அப்பா அம்மாவோடு டொராண்டோ வந்துவிட்டேன். இப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். இங்கே என்னை இந்தியப் பெண் என்கிறார்கள், ஊருக்கு வந்தால் வெளிநாட்டுக்காரி என்கிறார்கள். எனக்கென்று ஒரு மண் இல்லை.

அம்மாயி சொன்ன கதைகளை எழுத ஆசை. மறந்துவிடக் கூடாதென்று பஸ்ஸில் போகும்போது அவள் குரலில் மனதுக்குள் பேசிப் பார்ப்பேன். நாகூர் ஆண்டவர் கண்ணாடியை எறிந்து டச்சுக் கப்பலைக் காப்பாற்றிய கதையை வகுப்பில் கட்டுரையாக வைத்தேன். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தது 1658இல், அந்த மகான் வாழ்ந்தது 16ஆம் நூற்றாண்டில், இது எப்படிச் சரி என்று பேராசிரியர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மண்ணை விட்டு வந்தவளுக்கு அந்த மண்ணின் கதையை எழுத உரிமை உண்டா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? ஒரு சிறுகதை இணைத்திருக்கிறேன்.

க., டொராண்டோ

அன்புள்ள க.,

என் மகளுக்கும் உன் வயதுதான், அதனால் நீ என்றே எழுதுகிறேன். பதில் போடாத கடிதங்கள் நிறையக் கிடக்கின்றன. உன்னுடையதில் நாகூர்க் கண்ணாடி வந்துவிட்டது. போன நாகூர் கந்தூரி விழாவிலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிதம் முழுக்க மண், கதையிலும் முதல் இரண்டு பத்தி மண்வாசனை. மண்ணில் பிறந்து அங்கேயே கிடந்தவர்களுக்கெல்லாம் அந்த மண் சொந்தமாக இருந்தது என்று உனக்கு யாரம்மா சொன்னார்கள்? நீ வரலாறு படிக்கிறவள். என் தாத்தா பண்ணையாள். எங்கள் குடிசை நின்ற திடல் மிராசுதாருடையது. கூலி நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டால் கூரையைப் பிரிக்க ஆள் வரும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, குடியிருந்த மனை எங்களுக்கே என்று சட்டம் சொல்ல 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் 1968 டிசம்பர் 25. கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் மண்ணைவிட்டு எங்கேயும் போகாதவர்கள். பிறந்த மண்ணிலேயே இருப்பதை ஒரு தகுதிபோல யாராவது உன்னிடம் பேசினால், நீ தலைகுனிய வேண்டியதில்லை. நீயாக அப்படிப் பேசாதே, அவ்வளவுதான்.

தமிழா ஆங்கிலமா என்பதற்கெல்லாம் நேரம் செலவழிக்காதே. எதில் அம்மாயியின் குரல் கெடாமல் வருகிறதோ அதில் எழுது. ஊரில் வெளிநாட்டுக்காரி என்றார்களா, சொல்லட்டும். வலித்திருக்கும், தெரிகிறது. ஆனால் அவர்கள் பேச்சை வைத்து உன் வாழ்க்கையை அளக்காதே.

இனி கண்ணாடி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகூர் ஆண்டவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து உள்ளே இருப்பவர்கள் கதறுகிறார்கள். அவர் கையிலிருந்த கண்ணாடியை வீசுகிறார், அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. கரை சேர்ந்த கப்பல்காரர்கள் கண்ணாடியோடு வந்து காலில் விழுகிறார்கள். பொதுவாகச் சொல்லப்படுவது இது.

என் அப்பாயி இப்படிச் சொல்ல மாட்டாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள், எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கதையில் டச்சுக்காரனும் கிடையாது, சரக்கும் கிடையாது. அது பினாங்குக்குப் போகிற கப்பல். மேல்தளத்தில் வெயிலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள், எல்லாரும் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிப்போனவர்கள், எல்லாரும் நம்ம சனம். ஆண்டவர் கண்ணாடியை வீசியதும் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் அழுகிறார், "ஆண்டவரே, அது என் பொழப்பாச்சே!" ஆண்டவர் சொல்கிறார், "கப்பல் திரும்பி வரும்போது உன் கண்ணாடியும் வரும்." அதோடு அப்பாயி நிறுத்திவிடுவாள். வந்துச்சா அப்பாயி என்று கேட்டால், வரும்டா என்பாள். மற்றவர்கள் கதையில் கண்ணாடி திரும்பி வந்தாயிற்று, இவள் கதையில் மட்டும் இன்னும் வரவில்லை.

அப்பாயியின் அண்ணன், இந்திய அரசு 1938இல் மலாயாவுக்குக் கூலி ஆட்கள் போவதைத் தடுப்பதற்கு முன்னால், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். அப்புறம் கடிதாசி இல்லை. வருஷா வருஷம் கந்தூரிக்கு அவள் போனது அதற்காகத்தான் என்பதை நான் பெரியவனான பிறகுதான் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இப்போது உன் பேராசிரியருக்கு வருகிறேன். அவர் சொன்ன ஆண்டுகள் சரி. ஆனால் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டார். நாகப்பட்டினம் 1658லிருந்து 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் நின்று கதை சொன்னவன் கண்ணெதிரே நின்ற கப்பலைத்தானே கதைக்குள் இழுத்துவிடுவான்? 1926இல் ஓட ஆரம்பித்த ரஜூலாவில் அண்ணனை ஏற்றிவிட்டவள் ரஜூலாவை இழுத்துவிட்டாள். கதை எங்கெல்லாம் தவறாக இருக்கிறதோ அங்கெல்லாம் யாரோ ஒருவர் தன் காலத்தை அதற்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடந்ததா இல்லையா என்பதோடு நின்றுவிட்டால் அந்த மனிதர்களைத் தவறவிட்டுவிடுவாய். யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்த இடத்தில் மாற்றினார், அந்த வருஷம் அவர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? இதையெல்லாம் கேட்பதும் வரலாறுதான். என் அப்பாயியின் அண்ணனுக்குக் கல்வெட்டு கிடையாது, பட்டா கிடையாது. அவர் இருக்கிற ஒரே இடம் அந்தக் கண்ணாடிக் கதை. மிராசுதார்களுக்குச் செப்பேடு இருந்தது, கணக்குப்பிள்ளை இருந்தார். எங்களுக்குக் கதைக்குள் செய்த இந்தத் திருத்தங்கள்தான் ஆவணம். இதை நான் பல கூட்டங்களில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் நாட்டார் கதை சேகரிக்கிறோம் என்று கிளம்பி வருகிற பிள்ளைகள் பாதிப்பேர் வித்தியாசமாகச் சொல்லப்பட்டதையெல்லாம் பாட்டியின் ஞாபகப் பிசகு என்று நீக்கிவிட்டு, எல்லாக் கிழவிகளும் ஒரே மாதிரி பேசும் ஒரு புத்தகத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உரிமை பற்றிக் கேட்டாய். அந்த ஆண்டவரே வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து வந்தவர். நாகூரில் அவர் அடங்கியிருக்கும் தர்காவின் பெரிய மனோராவை, அந்த உயரமான கோபுரத்தை, கட்டிக்கொடுத்தது மராட்டிய அரசன் பிரதாப சிங். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1830 வாக்கிலேயே எழுந்துவிட்டது, கட்டியவர்கள் இங்கிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். இன்னும் தூரம் போ. 1853லிருந்து காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பல் ஏற்றி மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சும் கிரியோலும்தான். ஆனால் மாரியம்மனையும் மதுரைவீரனையும் கும்பிடும்போது, கடலில் தங்களைக் காத்தவர் என்று நாகூர் மீரானையும், அதாவது நம் நாகூர் ஆண்டவரையும், சேர்த்துக் கும்பிடுகிறார்கள். அவர்களிடம் போய் உனக்கு உரிமை உண்டா என்று கேட்பாயா?

உன் சிறுகதையைப் படித்தேன். அதில் வரும் அம்மாயிக்குச் சுருக்குப்பை இருக்கிறது, வெற்றிலை இருக்கிறது, பொக்கை வாய் இருக்கிறது. பெயர் இல்லை. என்ன வேலை பார்த்தாள், யாருடைய வயலில், எந்த ஆற்றுப் பாசனத்தில், கோரையாறா முள்ளியாறா, ஒன்றும் இல்லை. கதையை அவளுக்குச் சொன்னது யார்? நீ ஒரு கிழவியின் படத்தை மாட்டி வைத்திருக்கிறாய், இவ்வளவு பாசம் உள்ள பெண் இப்படிச் செய்யலாமா? அம்மாயி இருக்கிறாள்தானே, இறந்துவிட்டதாக நீ எழுதவில்லை. இந்த வாரமே போன் போடு. அவளைப் பேச விடு, குறுக்கே திருத்தாதே, டச்சுக் கப்பல் என்று நீயாக எடுத்துக் கொடுக்காதே. அவள் கப்பலில் யார் இருந்தார்கள், எந்த ஊருக்குப் போனார்கள், கண்ணாடி திரும்பி வந்ததா என்று கேள். அவளிடமிருந்து வந்ததை அப்படியே எழுதி, மண்வாசனைப் பத்திகள் இரண்டையும் வெட்டிவிட்டு எனக்கு அனுப்பு. படிக்கக் காத்திருக்கிறேன்.