பாம்புப் பெட்டிக்கான கூலிப் பாக்கியும் நீங்கள் அனுப்பிய குரல்பதிவும்

கேள்வி: ஆரையம்பதியில் சிறிய மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். மட்டக்களப்பு நகரத்திலுள்ள ஒருவர் தன் வெளிநாட்டுப் பாம்புக்குப் பெட்டி கேட்டார். போல் பைத்தன் (ball python) என்று சொன்னார். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 18 மில்லிமீற்றர் பிளைவூட், முன்பக்கம் தள்ளித் திறக்கும் 5 மில்லிமீற்றர் கண்ணாடி. பார்க்கிறவர்களுக்கு அலுமாரி போலத் தெரிய வேண்டும் என்றதால் கண்ணாடிக்கு முன்னால் பூட்டுடன் இரண்டு மரக்கதவும் போட்டேன். பேசிய தொகை 145,000 ரூபா, முற்பணம் 60,000. வார்னிஷ் அடித்த மூன்றாம் நாளே, தைப்பொங்கலுக்கு முதல் வாரம், ஏற்றிக்கொண்டு போனார். மீதியை மாதக் கடைசியில் தருவதாகப் பேச்சு. பிறகு அடிப்பலகை ஊதிவிட்டது, கண்ணாடி நகரவில்லை, பாம்பு பல்ப் சுட்டுச் செத்துவிட்டது, நீதான் எனக்கு 200,000 தர வேண்டும் என்கிறார். சித்திரையில் 10,000 மட்டும் வங்கியில் போட்டார். சந்தியில் நாலு பேருக்கு முன்னால் என்னைக் கள்ளன் என்றார். மனைவியின் காப்பை அடகு வைத்து வாங்கிய பலகை அது. காசு தராவிட்டால் வனசீவராசித் திணைக்களத்துக்குச் சொல்வேன் என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை. தை வந்தால் ஒரு வருடம். பொலிசில் முறையிடலாமா? வேன் பிடித்துப் போய்ப் பெட்டியைத் தூக்கி வரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றுதான்: "கண்ணாடிக்கு முன்னால் பூட்டுடன் இரண்டு மரக்கதவும் போட்டேன்." காப்பு அடகில் இருப்பது எனக்கு விளங்குகிறது, சந்தியில் பட்ட அவமானமும் விளங்குகிறது. ஆனால் 75,000 ரூபா பாக்கியை அவை இரண்டும் ஒரு சதம்கூட நகர்த்தாது.

போல் பைத்தன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் பாம்பு. இலங்கைக் காட்டில் அது இல்லை. ஆகவே மட்டக்களப்பில் ஒரு வீட்டில் அது இருந்தால் அதுவோ அதன் தாய் தகப்பனோ வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். உயிருள்ள ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் (1937 இன் 2ஆம் இலக்கம், 2009 இன் 22ஆம் இலக்கத்தாலும் திருத்தப்பட்டது) அனுமதிப்பத்திரம் வேண்டும். விலங்குத் தனிமைப்படுத்தல் அனுமதியும் வேண்டும். காட்டு விலங்கு, தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் இனம் என்பதால் அனுப்பிய நாட்டின் ஏற்றுமதிப் பத்திரமும் இருந்தாக வேண்டும். இந்தக் கடதாசிகளில் ஒன்றையாவது அவர் உங்களுக்குக் காட்டினாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அது போல் பைத்தன்தானா என்பதும் உங்களுக்கு உறுதியில்லை. தலையில் ஈட்டி முனை போன்ற கபில நிற அடையாளம் இருந்திருந்தால் அது நம்மூர் வெங்கணாந்தி. அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம், வெளிநாட்டுப் பாம்பு என்ற சாட்டும் அதற்கு இல்லை. உங்கள் போனில் பாம்பின் படம் இருந்தால் முதலில் அந்தத் தலையைப் பாருங்கள்.

பாம்புக்குப் பெட்டி செய்வது குற்றமல்ல. பத்திரம் உள்ள ஒருவருக்குச் செய்து கொடுத்த ஓடாவிக்கு எந்தப் பயமும் தேவையில்லை. சட்டவிரோதமான நோக்கத்துக்காகச் செய்த உடன்பாட்டை வைத்துக்கொண்டு காசு கேட்டு வந்தால் நீதிமன்றம் கைகொடுக்காது என்பது நமது ரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. வாங்கியவரின் நோக்கம் விற்றவருக்கு வெறுமனே தெரிந்திருந்ததா, அல்லது அந்த நோக்கத்துக்கு அவர் கைகொடுத்தாரா என்பதில்தான் வழக்கு நிற்கும். கண்ணாடிப் பெட்டியோடு நின்றிருந்தால், "எனக்கு அளவு தந்தார், செய்தேன்" என்று நிமிர்ந்து சொல்லலாம். மரக்கதவும் பூட்டும் வந்த பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்விதான் கேட்பார்: பாம்பைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி போடுகிறவர், அதை மரத்தால் ஏன் மறைக்கச் சொன்னார், நீங்கள் ஏன் என்று கேட்கவில்லையா? தண்டனைச் சட்டக்கோவையின் 100ஆம் பிரிவு, தெரிந்துகொண்டு உதவி செய்தவரையும் உடந்தை என்கிறது. அந்தக் கதவு உடந்தைக்குப் போதுமான சாட்சி என்று நான் சொல்லவில்லை. 75,000 ரூபாவுக்காக நீங்களே போய் அந்தக் கேள்வியைத் திறந்து விடாதீர்கள் என்கிறேன்.

அடுத்தது அந்தக் குரல்பதிவு. உங்கள் கோப்பில் அதைவிட ஆபத்தான பொருள் கிடையாது.

பணப் பாக்கியில் மாட்டியவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இது. காசு தர வேண்டியவரின் ஒரு தப்பு கையில் கிடைத்ததும், "தராவிட்டால் சொல்லிக் கொடுப்பேன்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். என் காசைத்தானே கேட்கிறேன் என்ற நினைப்பு. ஆனால் ஒருவருக்குக் கேடு வரும் என்று பயம் காட்டி அவரிடமிருந்து காசு பெறுவது தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம் பிரிவில் பலாத்கார அபகரிப்பு. உங்களுக்கு உண்மையாகவே வரவேண்டிய காசு என்றால், நேர்மையீனமான எண்ணம் இல்லை என்று வாதாடலாம். நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் அந்த வாதம் கேட்கப்படுவது முறைப்பாடு எழுதி, உங்களைக் கூப்பிட்டு, பிணையில் விட்டு, பட்டறையைப் பூட்டிவிட்டுத் தவணைக்குத் தவணை நீதவான் நீதிமன்றத்துக்கு அலைந்த பிறகு. பாக்கித் தொகை எவ்வளவு என்பதே தகராறில் இருக்கும்போது வாதம் இன்னும் மெலியும். அவர் ஏன் பதில் போடவில்லை என்று நினைக்கிறீர்கள்? யாரோ அவருக்கு, "பேசாமல் இரு, இன்னொன்று அனுப்புவான்" என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இதன் மறுபக்கம் இன்னும் பலருக்குத் தெரியாது. அவர் பயந்துபோய் முழுப் பாக்கியையும் தந்து, நீங்களும் "சரி, இனிச் சொல்லமாட்டேன்" என்று வாங்கிக்கொண்டால், குற்றத்தை மறைப்பதற்குக் கைமாறு வாங்கினார் என்ற குற்றச்சாட்டு உங்கள் மேல் வரலாம். காசு வராவிட்டால் ஒரு ஆபத்து, இந்த வழியில் வந்தால் இன்னொரு ஆபத்து. ஆகவே பாம்பையும் பாக்கியையும் ஒரே வாக்கியத்தில் இனி எழுதவோ பேசவோ வேண்டாம். பத்திரம் இல்லாத விலங்கு என்று நீங்கள் மனதார நம்பினால் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்; அது உங்கள் உரிமை, நல்ல காரியமும்கூட. ஆனால் அதைக் காசுக்கு நிபந்தனையாக வைக்காமல், பாக்கி வந்தாலும் வராவிட்டாலும் செய்கிற காரியமாகச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் அந்த மரக்கதவுக் கதையை முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிய குரல்பதிவை அழிக்க வேண்டாம். அவருடைய போனில் அது இருக்கிறது. உங்களுடையதில் இல்லாவிட்டால் சாட்சியத்தை மறைத்தீர்கள் என்றாகும். பட்டறையின் முகநூல் பக்கத்தில் பாம்போடு பெட்டியின் படம் போட்டிருந்தால் அதற்கும் இதுவே. அழிக்கவும் வேண்டாம், அவரைத் திட்டிப் புதிதாக ஒன்றைப் போடவும் வேண்டாம்.

வேன் பிடிக்கிற யோசனையை இன்றோடு விடுங்கள். ஒப்படைத்த அன்றே பெட்டி அவருடையதாகிவிட்டது; வீட்டுக்குள் போய் எடுத்தால் அத்துமீறல், களவு இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். பொலிசும் கூலிப் பாக்கி வசூலித்துத் தராது. போனால் முதல் கேள்வி "என்ன பெட்டி?" என்பதுதான், உங்கள் பதில் வாக்குமூலமாக எழுதப்படும்.

இனி அவர் கேட்கும் 200,000. இதில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, என்ன தேவைக்கு என்று சொல்லி, செய்கிறவரின் திறமையை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும். ஆனால் அதைக் கேட்க அவர் மன்றில் நின்று "பாம்பு வளர்க்க என்று சொல்லித்தான் செய்வித்தேன், என் பாம்பு செத்தது" என்று சொல்லியாக வேண்டும். பத்திரம் இல்லாதவர் அதைச் சொல்லமாட்டார். சொன்னாலும் ஒவ்வொரு குறையும் யாருடையது என்று பெட்டியிலேயே தெரியும்.

அடிப்பலகை எங்கே ஊதியிருக்கிறது? தண்ணீர்க் கிண்ணம் வைத்த மூலையில் மட்டும் என்றால் தண்ணீர் சிந்தித் துடைக்காமல் விட்டது, அது பாவனையின் பிழை. நான்கு ஓரமும் வரிசையாக ஊதியிருந்தால் பிளைவூட்டின் வெட்டு விளிம்பை நீங்கள் சீல் பண்ணவில்லை. மாரியில் நம் கரையோரக் காற்றே போதும், விளிம்பு வழியாக ஈரம் ஏறி அடுக்குகள் பிரியும். விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு மூன்று தரம் ஊற ஊறப் போட்டு, உள்மூட்டுகள் முழுவதும் சிலிக்கன் இழுத்திருக்க வேண்டும். விலைமனுவில் ஈரம் தாங்கும் மரீன் பிளைவூட் என்று எழுதிவிட்டுச் சாதாரணப் பலகை போட்டிருந்தால் இந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சமரசத்துக்குப் போங்கள். மரக்காலை பில் உங்களைக் காட்டிக் கொடுக்கும்.

கண்ணாடி நகரவில்லை என்றால் மேல் ட்ராக்குக்கும் கீழ் ட்ராக்குக்கும் இடைவெளியை இரண்டு முனையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் குறைந்தால் மேற்பலகை தொய்ந்துவிட்டது. 4 அடி நீளத்துக்கு முன் விளிம்பில் தாங்குகட்டை போடாத உங்கள் பிழை அது. மூன்று இடத்திலும் ஒரே அளவென்றால் கீழ் ட்ராக்கில் உமியோ தும்போ அடைந்திருக்கிறது.

பாம்பு சுட்டது பெரிய விடயம். மேலே தொங்கும் பல்பில் சுட்டால் காயம் பெரும்பாலும் முதுகில் இருக்கும். கீழே வைக்கும் ஹீட் மெற் (சூடேற்றும் விரிப்பு) என்றால் வயிற்றில். பாம்பு சூட்டை உணர்ந்து நம்மைப் போல உடனே விலகாது, சூடான பொருளில் சுற்றிக்கொண்டே கிடக்கும். அதனால் பல்பைச் சுற்றி, பாம்பு தொட முடியாத தூரத்தில், கம்பி வலைக்கூடு வேண்டும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேண்டும். போல் பைத்தனுக்குச் சூட்டுப்பக்கம் 31, 32 பாகை செல்சியஸ் போதும். சித்திரை வெயிலில் மட்டக்களப்பில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமல் பல்பை எரியவிட்டால் பெட்டி அடுப்பாகிவிடும். பல்பைப் பூட்டியது யார்? உங்கள் விலைமனுவில் மின்வேலை இல்லை என்றால் அது அவர் தலையில். ஆனால் இங்கேயும் அந்த மரக்கதவு வருகிறது. காற்றுத் துவாரத்தை ஒரு பக்கச் சுவரில் தாழ்வாகவும் எதிர்ச்சுவரில் உயரமாகவும் வைத்திருந்தால் கதவைச் சாத்தினாலும் காற்று ஓடும். முன்பக்க இடைவெளியை மட்டும் நம்பி விட்டிருந்தால், கதவைச் சாத்தியதும் சூடும் வார்னிஷ் வாடையும் உள்ளேயே நின்றிருக்கும். வார்னிஷ் வாடை முழுதாகப் போக ஒன்று, இரண்டு கிழமை வேண்டும். மூன்றாம் நாள் பெட்டியைக் கொடுக்கும்போது "இப்போது பாம்பை விடாதீர்கள்" என்று சொன்னீர்களா? எழுத்தில் இருந்தால் தேடி எடுங்கள்.

வழக்குப் போடுவதற்கான காலம் பற்றி. காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, விற்ற பொருளின் விலைக்கும் செய்த வேலையின் கூலிக்கும் ஒரே ஒரு வருடம்தான் தருகிறது. வாய்மொழி உடன்பாட்டுக்கு மூன்று வருடம் என்று யாராவது சொன்னால் அது 7ஆம் பிரிவு, உங்களுக்கு அதை நம்ப முடியாது. இருவரும் கையெழுத்திட்ட எழுத்து உடன்பாடு இருந்தால்தான் 6 வருடம். நீங்கள் மட்டும் எழுதிக் கொடுத்த விலைமனு அந்தக் கணக்கில் வராது. மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னதை அவர் மறுத்துவிட்டால், ஒப்படைத்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். சித்திரையில் வங்கியில் விழுந்த 10,000 உங்களுக்குப் பெரிய பலம். பகுதிக் கொடுப்பனவு கடனை ஒப்புக்கொண்டதாகி, காலத்தைப் புதிதாக ஓட வைக்கும் என்று வாதிடலாம். ஆனாலும் அவர் "அது வேறு கொடுக்கல் வாங்கல்" என்று சொல்ல இடமுண்டு. ஆகவே தைக்கு முதல் வாரம்தான் கடைசி நாள் என்று வைத்துக்கொண்டு இயங்குங்கள்.

தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபைக்கு இந்தக் கிழமையே போங்கள். என் அபிப்பிராயம் சமரசம்தான். 45,000 முதல் 50,000 வரை கிடைத்தால் வாங்குங்கள். அடிப்பலகையையும் ட்ராக்கையும் உங்கள் செலவில் மாற்றித் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். 75,000 இலிருந்து இறங்குவதற்கு அது கௌரவமான வழி. வேலைக்காகப் போனால் மரக்கதவைத் திரும்ப மாட்டிக் கொடுக்காதீர்கள்.

சமரசக் கடதாசியில் உண்மையை மட்டும் எழுதுங்கள்: இன்ன அளவில் செய்த மரப்பெட்டிக்கான கூலியும் பொருட்செலவும், பெற்ற முற்பணம், சித்திரையில் பெற்ற 10,000, இப்போது பெறும் தொகை, இருவருக்கும் இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பணக் கோரிக்கை இல்லை. 200,000 ரூபாக் கோரிக்கையைக் கைவிடுவதாக அவர் தனி வரியில் கையெழுத்திட வேண்டும். "எங்கும் முறைப்பாடு செய்யமாட்டேன்" என்ற வரியை அவரோ அவரது சட்டத்தரணியோ நுழைக்கப் பார்ப்பார்கள். அந்த வரி இருந்தால் கையெழுத்து வைக்காமல் எழும்பி வாருங்கள், கூடுதலாக 20,000 தருகிறேன் என்றாலும்.