மாட்டுக் கொட்டகையின் தகர ஷீட் கூரை மழைக்கு ஒழுகுகிறது. எப்படிச் சரிசெய்வது?

எட்டு வருடம் ஆன கொட்டகை, 20 அடி ஷீட், நான்கைந்து இடத்தில் சொட்டுகிறது, தார் பூசியும் நிற்கவில்லை, மொத்த ஷீட்டையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்த வயதுக் கூரையில் பெரும்பாலும் ஷீட் நன்றாகத்தான் இருக்கும், ஒழுகுவது ஸ்க்ரூ போட்ட துளையில். நான் பொள்ளாச்சிப் பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறேன், எங்கள் கொட்டகையும் இதே மாதிரி ஷீட் கூரைதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மேலே ஒரு இடத்தில் நுழைந்து, ஷீட்டின் அடிப்பக்கமாகவே சரிவில் ஓடி வந்து, ஷீட்டைத் தாங்கக் குறுக்கே போட்ட பர்லின் பைப் தட்டுகிற இடத்தில்தான் கீழே விழும். தார் பூசி நிற்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான், ஓட்டை ஒரு பக்கம், தார் ஒரு பக்கம். நல்ல வெயில் நேரத்தில் கொட்டகைக்குள் படுதாவை இறக்கி இருட்டாக்கிக்கொண்டு அண்ணாந்து பாருங்கள், ஊசி முனை அளவு ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதில் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி விட்டால் மேலே ஏறும்போது தேட வேண்டியதில்லை. வெளிச்சம் தெரியாமல் ஒழுகினால் ஓஸ் பைப்பைப் பிடியுங்கள். தாழ்வாரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பர்லின் வரிசையாக முகட்டை நோக்கி மேலே போக வேண்டும், உள்ளே ஒரு ஆள் நின்று சொட்டியதும் குரல் கொடுக்க வேண்டும். மேலிருந்து விட்டால் எல்லாத் துளையும் ஒன்றாக நனைந்துவிடும், எது குற்றவாளி என்றே தெரியாது.

சரி, ஸ்க்ரூ ஏன் ஒழுகுகிறது? 20 அடி இரும்பு ஷீட், விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், சாயங்காலம் திரும்பச் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டு ஸ்க்ரூ துளை நீள்வட்டமாகிவிடும், ஸ்க்ரூ தளரும். ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். சில வேலையாட்கள் மெஷினை அழுத்திப் பிடித்து ரப்பர் வெளியே பிதுங்கும்வரை முறுக்கிவிடுவார்கள், அந்த வாஷர் இரண்டு மூன்று வருடம்கூடத் தாங்காது. பழைய ஸ்க்ரூவை அப்படியே வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் ஷீட் அசையும்போது பூச்சு விரியத்தான் செய்யும். கழற்றி எறியுங்கள். முன்பு 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டிருந்தால் அதே துளையில் 6.3 மில்லிமீட்டர் போடுங்கள், அப்போதுதான் பைப்பில் பிடிக்கும். ஈபிடிஎம் (வெயில் தாங்கும் ரப்பர் வகை) வாஷர் வைத்தது என்று கேட்டு வாங்குங்கள், சாதா ரப்பர் வேண்டாம். வாஷர் தகட்டின் விளிம்போடு ரப்பர் லேசாக உப்பித் தெரிந்தால் போதும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. துளைத்த பிறகு விழும் இரும்புத் துகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடுங்கள், விட்டால் அது துருப்பிடித்து ஷீட்டிலும் பொட்டு பொட்டாகத் துரு ஏற்றும்.

அடுத்தது ஷீட்டும் ஷீட்டும் ஏறி உட்காரும் ஓவர்லாப். சரிவு குறைந்த கூரையில் அந்த இடுக்கில் புழுதியும் தென்னம்பூவும் சேர்ந்து தண்ணீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும். நீளவாக்கில் சேர்த்த இடத்தில் ஒரு ஷீட் மற்றதன்மேல் 6 அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். அந்த வரிசை ஸ்க்ரூவைத் தளர்த்தி, இடுக்கைச் சுத்தம் செய்து காயவைத்து, இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து இறுக்குங்கள். வெளி விளிம்பில் மட்டும் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) இழுத்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளிவர வழியில்லாமல் அங்கேயே அரிக்கும். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்றும் தூறலும் அடிக்கும், அதனால் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகைக்குக் கிழக்குக் கோடியில் ஆரம்பித்து மேற்கே ஷீட் போட்டு வர வேண்டும், அப்படிப் போட்டால்தான் ஓவர்லாப்பின் வாய் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் பார்த்து இருக்கும். உங்கள் ஊரில் மழைக்காற்று எந்தத் திசை என்று பாருங்கள், ஒழுகல் ஒரு பக்கக் காற்றுக்கு மட்டும்தான் என்றால் காரணம் இதுவாக இருக்கும்.

பூச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தார் வெயிலில் உருகி மழையில் வெடிக்கும், தார் பட்ட இடத்தில் பிறகு நல்ல சீலண்டும் ஒட்டாது, அதனால் ஏற்கெனவே பூசியதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். பிசைந்து வைக்கிற எபாக்சி கல்லாக இறுகும், ஆனால் ஷீட் நீளும்போது விட்டுவிடும். சிலிக்கான் வாங்கினால் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், வினிகர் வாடை அடிக்கிற வகை துத்தநாகப் பூச்சை அரிக்கும். தேங்காய் விழுந்து கிழிந்த இடம் இருந்தால் அதே வகை ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, மேல் ஓரம் முடிந்தால் மேல் ஷீட்டுக்கு அடியில் போகும்படி செருகி, டேப் வைத்து ஸ்க்ரூ போடுங்கள்.

மழையே இல்லாத மார்கழிக் காலையில் சொட்டினால் அது ஒழுகல் அல்ல. மாடுகளின் மூச்சும் மூத்திர ஈரமும் ஆவியாகிக் குளிர்ந்த தகரத்தில் படிந்து சொட்டுவது. அதற்கு முகட்டில் காற்றுப் போக வழி வேண்டும், சீலண்ட் ஒன்றும் செய்யாது. ஆவியில் இருக்கும் அமோனியா ஷீட்டை அடியிலிருந்தும் தின்னும், எனவே சாணி மூத்திரத்தை உடனுக்குடன் வழித்துவிடுவது கூரைக்கும் நல்லது.

ஏறும்போது ஸ்க்ரூ வரிசைமேல் மட்டும் கால் வையுங்கள், அதற்கு அடியில்தான் பர்லின் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் போட்ட ஃபைபர் ஷீட்டை மிதிக்கவே மிதிக்காதீர்கள், உடைந்து ஆள் உள்ளே விழுந்து உயிரே போகலாம். ஈர ஷீட்டில் ஏற வேண்டாம். மேலே கரண்ட் சர்வீஸ் ஒயர் போனால் மின்வாரியத்தில் சொல்லிக் கம்பத்திலேயே இணைப்பை நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

மழை முடியும்வரை வேலை பார்க்க முடியாது என்றால் வைக்கோலையும் புண்ணாக்கையும் முதலில் சொட்டு விழாத இடத்துக்கு மாற்றுங்கள். நனைந்து பூஞ்சை பிடித்த தீவனத்தில் வருகிற அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு பாலிலும் இறங்கும், குழந்தைகள் குடிக்கிற பால் அது. சொட்டு விழும் பர்லினில் ஒரு சணல் கயிற்றைக் கட்டிச் சரிவாக வாளிக்குள் விடுங்கள், தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும், மாடு படுக்கிற தரை நனையாது. வெயில் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரால் துருப்பிடித்த இடங்களைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றுங்கள், மற்றதற்கு ஸ்க்ரூவும் டேப்பும் போதும்.