சாட்செல் பெய்ஜ் ஏன் இத்தனை அணிகள் மாறி ஆடினார்?

சுருக்கமாகச் சொன்னால், காசு. 1906-இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்த பெய்ஜ், பேஸ்பாலில் பந்து எறிபவர். அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கின் கதவு கறுப்பினத்தவருக்கு மூடியே கிடந்த காலம் அது. கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீக்கில் சம்பளமும் நிலையில்லை. யாராவது கூடுதலாகத் தருகிறேன் என்றால் மனுஷன் பெட்டியைக் கட்டிவிடுவார். பர்மிங்காம், பிட்ஸ்பர்க், வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க், 1937-இல் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணி, அப்புறம் மெக்சிகோ, கான்சாஸ் சிட்டி. 42 வயதில், 1948-இல்தான் மேஜர் லீக்கின் கிளீவ்லண்ட் அணி அழைத்தது.

1965-இல், 59 வயதில், மேஜர் லீக்கின் கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம். உட்காரச் சாய்ந்தாடும் நாற்காலி, பக்கத்தில் ஒரு நர்ஸ்! விளம்பர வித்தைதான், சரி. ஆனால் எறிந்த மூன்று இன்னிங்ஸில் ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை.