மகளுக்குச் சாப்பாடு ஏற்கெனவே இலவசம். பிறகு எதற்கு இந்தப் படிவம்?

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். சின்ன மகள் இந்த செப்டம்பரில் (2025) கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் ரிசெப்ஷன் (நாலைந்து வயதில் தொடங்கும் முதல்) வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மகனுக்கு 11 வயது. ஆறு மைல் தள்ளியிருக்கும் கத்தோலிக்க செகண்டரிக்குப் போகிறான், பஸ்ஸுக்கு நாங்களே கட்டுகிறோம். முதுகு வலியால் கணவருக்கு வேலை நேரம் குறைந்துவிட்டது. நாலு வாரத்துக்கு ஒருமுறை 560 பவுண்டு கைக்கு வருகிறது. மிச்சத்துக்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை. ரிசெப்ஷனில் எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு இலவசம்தானே? ஆனாலும் 'ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ்' படிவத்தை நிரப்பச் சொல்லிப் பள்ளி ஆபீஸில் விடாமல் கேட்கிறார்கள். அதனால் 1,500 பவுண்டு வரை வரும் என்கிறார்கள். அதை வாங்கி டியூஷனுக்குக் கட்டலாமா? பள்ளி நிர்வாகக் குழுவின் கவர்னர்ஸ் ஃபண்டுக்கு மாதம் 10 பவுண்டு வேறு கேட்கிறார்கள். கட்டாயமா?

பதில்: படிவத்தை இந்த வாரமே நிரப்புங்கள். அக்டோபர் முதல் வியாழன் பள்ளிக் கணக்கெடுப்பு நாள். அடுத்த ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குப் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பது, இலவச உணவுத் தகுதியுள்ளவர்கள் என்று அன்று பதிவில் இருக்கும் பிள்ளைகளை வைத்துத்தான் முடிவாகும். அதைத் தவறவிட்டால் பள்ளிக்கு ஒரு வருடப் பணம் போய்விடும்.

அந்தப் பணத்தின் பெயர் பியூப்பில் பிரீமியம். வசதி குறைந்த பிள்ளைகளின் படிப்புக்காக 2011-இலிருந்து அரசு பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. 2025-26 கணக்கில் தகுதியுள்ள ஒரு பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளியில் 1,515 பவுண்டு, செகண்டரியில் 1,075. அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கும் மற்ற அரசுப் பள்ளிக்கும் விகிதம் ஒன்றே. கட்டணம் வாங்கும் தனியார் கத்தோலிக்கப் பள்ளிக்குத்தான் கிடையாது. ஒருமுறை தகுதி பதிவாகிவிட்டால், பிறகு உங்கள் வருமானம் கூடினாலும் ஆறு வருடம் வரை அந்தப் பிள்ளை கணக்கில் இருக்கும். அந்த விகிதத்தில் ஆரம்பப் பள்ளிக்கு அது 9,000 பவுண்டுக்கு மேல். உங்களைப் போல "சாப்பாடு எப்படியும் இலவசம்" என்று பெற்றோர் படிவத்தை ஒதுக்கிவைப்பதால்தான் பள்ளிகள் இதை இழக்கின்றன. ஆபீஸின் விடாப்பிடிக்குக் காரணம் அதுதான்.

இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. உங்கள் மகள் பெயரில் வந்ததை அவளுக்கே செலவழிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆசிரியர் பயிற்சி, சிறு குழு வகுப்பு, காலை உணவு கிளப், சுற்றுலாச் செலவு எனப் பள்ளி தேவை பார்த்துப் பிரிக்கலாம். எப்படிப் பிரிக்கிறார்கள் என்ற அறிக்கையை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அதைப் படித்துவிட்டுப் போய், "ரீடிங் குரூப்பில் மகளைச் சேர்ப்பீர்களா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "எங்கள் 1,515 எங்கே?" என்று கேட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இனித் தகுதி. யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் வீட்டில் வரி போக உழைத்து வரும் வருமானம், இருவருக்கும் சேர்த்து, வருடத்துக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது. கிரெடிட் பணம் இதில் சேராது. உங்கள் கணக்கு 13 சம்பளம், 7,280, உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆனால் சரிபார்ப்பது வருடக் கணக்கில் இல்லை, யூனிவர்சல் கிரெடிட்டின் மாதக் கணக்கில்: ஒரு மாதத்துக்கு 616.67, இரண்டுக்கு 1,233.34, மூன்றுக்கு 1,850. நாலு வாரச் சம்பளக்காரருக்கு வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் 1,120 என்று காட்டும். 'தகுதி இல்லை' என்று பதில் வரும். பயப்பட வேண்டாம். ஒரே சம்பளம் விழுந்த அடுத்த மாதக் கணக்கு முடிந்ததும் மறுபடி போடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயர். கணினி பார்ப்பது நேஷனல் இன்சூரன்ஸ் எண், பிறந்த தேதி, குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால் என்று மாறிக் கிடப்பவர்கள் ஏராளம். பள்ளியில் எழுதும் பெயரை விடுங்கள். யூனிவர்சல் கிரெடிட் கடிதத்தில் குடும்பப் பெயராக எது இருக்கிறதோ அதையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். விசாவில் 'நோ ரிகோர்ஸ்' (அரசு உதவித்தொகை பெற முடியாது என்ற) முத்திரை உள்ள குடும்பங்களுக்குத் தனி வருமான வரம்பு உண்டு. அவர்கள் பே ஸ்லிப்போடு பள்ளி வழியாகவோ கவுன்சில் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். அவர்கள் வாங்கக் கூடாது என்று குடிவரவு விதிகள் சொல்லும் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவிகள்) பட்டியலில் பள்ளிச் சாப்பாடு இல்லை.

உங்கள் சட்டைப்பைக்கு உண்மையான லாபம் மகன் பக்கம்தான். அவனுக்கும் படிவம் போடுங்கள். செகண்டரியில் சாப்பாட்டுக் காசு மிச்சம். அதைவிடப் பெரியது பஸ். இலவச உணவுத் தகுதியுள்ள 11 முதல் 16 வயதுப் பிள்ளை, சமய நம்பிக்கைக்காகப் பெற்றோர் தேர்ந்த பள்ளி 2 மைலுக்கு மேல் 15 மைலுக்குள் இருந்தால், கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். அது உங்களுக்கு மிகக் கிட்டிய கத்தோலிக்கப் பள்ளியாக இருக்க வேண்டும்; கிட்டியதில் இடம் இருந்தும் தாண்டிப் போனால் உரிமை போச்சு. சாப்பாட்டுப் படிவத்தோடு இது தானாக வராது, கவுன்சிலின் போக்குவரத்துப் பிரிவுக்குத் தனி விண்ணப்பம். ஞானஸ்நானச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துக்கும் சாப்பாடு இலவசமாகும் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் பியூப்பில் பிரீமியத்துக்கும் பஸ்ஸுக்கும் அதே 7,400 வரம்புதான். "இனிப் படிவமே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கவர்னர்ஸ் ஃபண்ட் கட்டாயமில்லை. வாலன்டரி எய்டட் (அரசுப் பணத்தில் நடந்தாலும் சமய அமைப்பு சார்ந்த) வகைக் கத்தோலிக்கப் பள்ளிகளில் கட்டட வேலைச் செலவில் பொதுவாக 10 சதவீதத்தைக் கவர்னர்களே தேட வேண்டும், அதற்குத்தான் கேட்கிறார்கள். கொடுக்காததால் பிள்ளையின் இடத்துக்கோ பியூப்பில் பிரீமியத்துக்கோ ஒன்றும் ஆகாது. உங்கள் நிலையில் நான் ஸ்டாண்டிங் ஆர்டர் (வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) போடமாட்டேன். மனசு கேட்காமல் இரண்டு பவுண்டு கொடுத்தாலும் 'கிஃப்ட் எய்ட்' (நன்கொடை கொடுப்பவர் கட்டிய வரியை அரசிடமிருந்து பெறும் திட்டம்) பெட்டியில் டிக் போடாதீர்கள். கணவரின் சம்பளம் 12,570 வரி விலக்கு வரம்புக்குள் இருக்கிறது. கட்டாத வரியைப் பள்ளி திரும்பக் கோரினால் வித்தியாசத்தை வரித்துறை உங்களிடம்தான் கேட்கும்.