வைக்கோல் சுவருக்கு நெருப்பா எதிரி, தண்ணீரா?

கேள்வி: பிரான்சில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே வைக்கோல் கட்டுகளைச் சுவராக வைத்து வீடு கட்டுகிறார்கள் என்கிறான். இங்கே வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் அணைப்பதற்குள் பாதி போய்விடுகிறது. அதில் எப்படிக் குடியிருப்பது? மழைக்கு மக்காதா? எங்கள் ஊருக்குச் சரிப்படுமா?
- மன்னார்குடி வாசகி ஒருவர்

பதில்: மகன் சொல்வது நிஜம்தான் அம்மா. பாரிஸுக்குத் தெற்கே மோந்தார்ஜி என்ற ஊரில் 1920-ல் எமில் ஃபுய்யெத் என்ற பொறியாளர் அப்படிக் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கூரையைத் தாங்குவது மரச்சட்டம். இடைவெளியை அடைத்திருப்பது வைக்கோல். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மரமே அரிதான மணல்மேட்டுப் பகுதியில், ஆர்தர் என்ற சிற்றூரின் தேவாலயம் 1928-ல் வைக்கோல் கட்டுகளால் எழுந்தது. அதுவும் நிற்கிறது.

நெருப்பைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். போரில் வைக்கோல் தளர்வாகக் கிடப்பதால் உள்ளே காற்று ஓடுகிறது, குப்பென்று பிடிக்கிறது. இறுக்கிக் கட்டி இரு பக்கமும் பூசிவிட்டால் காற்றுக்கு வழியில்லை. அமெரிக்காவில் 2006-ல் உலைச் சூட்டில் வைத்துச் சோதித்தபோது மண் பூசிய சுவர் 1 மணி நேரமும், சிமென்டும் சுண்ணாம்பும் கலந்து பூசியது 2 மணி நேரமும் தாங்கின. ஆபத்து பூசுவதற்கு முன்புதான். தரையில் சிதறும் வைக்கோலை அன்றன்றே கூட்டி அள்ளிவிட வேண்டும். பக்கத்தில் வெல்டிங் வேலையே கூடாது.

உண்மையான எதிரி தண்ணீர். பழுதான சுவர் ஒன்றைப் பிரித்தபோது கூடவே நின்று பார்த்திருக்கிறேன். மேலே வைக்கோல் அறுத்த நாளின் பொன்னிறம் மாறாமல் இருந்தது. சன்னலுக்குக் கீழே மட்டும் கறுத்துப் பிசுபிசுத்து, காளான் வாடை அடித்தது. சன்னல் படியில் விழுந்த மழைநீர் வெளியே சொட்டிப்போக வழி செய்யாமல் விட்டதுதான் காரணம். மேலே வெறும் சிமென்ட் பூச்சு வேறு. அதில் விரிசல் வழியாக நீர் இறங்கும், உள்ளே போன ஈரம் வெளியேறாது. ஈரம் ஆவியாகிப் போகவிடும் மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சே இதற்கு நல்லது.

சரி, மன்னார்குடிக்கு வருவோம். முழு வீட்டுக்கு இப்போது நான் சொல்ல மாட்டேன். வெயில் காயும் மேற்குச் சுவரை மட்டும் வைக்கோலில் செய்து பாருங்கள். பாரத்தைத் தூண்களும் உத்தரமும் தாங்கட்டும். ஏறக்குறைய ஒன்றரை அடி கனம் வரும், இடம் போகும்; ஆனால் அந்த அறைக்குள் சூடு இறங்குவது நன்றாகக் குறையும்.

நெல் வைக்கோலில் மணல்சத்து (சிலிக்கா) அதிகம், சீக்கிரம் மக்காது. அதற்காகக் குறுவை வைக்கோலை எடுக்காதீர்கள், அறுவடையிலேயே மழை பிடித்துவிடும். தை, மாசியில் அறுக்கும் சம்பா வைக்கோல், அதுவும் மாட்டுக்குப் போக மிஞ்சியது போதும். உருளையாகச் சுற்றித் தரும் கட்டுகள் சுவருக்கு அடுக்க வராது. செவ்வகக் கட்டாகப் போடும் இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரைத் தரையிலிருந்து இரண்டடியாவது உயர்த்தி, கரையான் ஏறாதபடி அடியைக் கட்டி, கூரையைத் தாராளமாக நீட்டிவிடுங்கள். பூசும் முன் ஈரமானியைக் கட்டுக்குள் ஆழமாகச் செருகிப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் அந்தக் கட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.