தானமாக வரும் ரத்தமும் கல்லீரல் கிருமிகளும்: கேள்வி பதில்

வட சென்னை ரத்த வங்கிகளில் நெடுங்காலம் ஆய்வகப் பணியாற்றியவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (தண்டையார்பேட்டை): கொடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிடுவார்களா?

பதில்: இல்லை. பையோடு சிறு குழாய்களிலும் ரத்தம் பிடிக்கிறோம். அவற்றின் முடிவு வரும்வரை பை தனிக் குளிர்பெட்டியில் காத்திருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தையும், சி கிருமிக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருளையும் எலைசா என்னும், நிறமாற்றத்தால் தொற்றைக் காட்டும் சோதனை முறையில் தேடுகிறோம். 96 குழிகள் கொண்ட தட்டில் தொற்றுள்ள குழி மஞ்சளாக நிற்கும், மற்றவை தெளிந்திருக்கும்.

கேள்வி (காசிமேடு): அதற்குப் பிறகும் கிருமி தப்புமா, ஐயா?

பதில்: தப்பலாம். தொற்று ஏறிய பின் எலைசாவில் தெரிய பி வகைக்கு ஏறக்குறைய 5 வாரமும், சி வகைக்கு 8 வாரத்துக்கு மேலும் ஆகலாம். கிருமியின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இந்த இடைவெளியைச் சுருக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. ஆகவே, இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று முகாமுக்கு வராதீர்கள்.

கேள்வி (வியாசர்பாடி): பச்சை குத்தி 4 மாதம் ஆகிறது. கொடுக்கலாமா?

பதில்: ஓராண்டு முடியட்டும்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது. கீழாநெல்லி சாப்பிட்டேன், இப்போது நெகட்டிவ். கொடுக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. மேலுறைப் புரதம் ரத்தத்தில் மறைந்தாலும் கிருமியின் மரபணு கல்லீரலில் தங்கியிருக்கலாம். படிவத்தில் இதை மறைத்தால், எங்கள் தட்டும் உங்களை நம்பி ஏமாறும்.

கேள்வி (ராயபுரம்): கீழாநெல்லியை நம் சென்னையிலேயே நிரூபித்தார்களே?

பதில்: அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். 30 நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்குப் புரதம் மறைந்தது; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

கேள்வி (ராயபுரம், மீண்டும்): எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே?

பதில்: குடிநீரில் கழிவுநீர் கலந்து வரும் ஏ, ஈ வகை ஹெபடைட்டிஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். உங்கள் தெருவில் வந்தது எந்த வகை என்று யாராவது சோதித்தார்களா?

கேள்வி (எண்ணூர்): சிறுவயதில் காமாலை வந்தது. கொடுக்கலாமா?

பதில்: ஏ அல்லது ஈ என்று உறுதியாகியிருந்தால், ஓராண்டுக்குப் பின் கொடுக்கலாம். பி, சி என்றாலோ, வகையே தெரியாது என்றாலோ கூடாது.

கேள்வி (பெரம்பூர்): எனக்குப் பத்து வயதில் காமாலை...

பதில்: எண்ணூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): முகாமில் கொடுத்தேன். பி தொற்று என்று மறுசோதனைக்கு அழைக்கிறார்கள். மனைவிக்கும் வருமா?

பதில்: எலைசா சில வேளை பொய்யாகவும் காட்டும், ஆகவே தள்ளிப்போடாமல் போய், ஆலோசகரிடம் பேசுங்கள். உறுதியானால் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கும் சோதனை செய்து, தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையெனில் தடுப்பூசி போடுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.