மறுமொழி: பாக்டீரியா நன்றாக வளர்கிறது, பிளாஸ்டிக் மட்டும் வரவில்லை

மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) பேசில்லஸ் மெகடீரியம் என்ற பாக்டீரியாவை வளர்த்து 4 நாள் கழித்து எடுத்தேன், குடுவை கெட்டியாகக் கலங்கி நிற்கிறது, ஆனால் பிஎச்பி (பாக்டீரியா தன் செல்லுக்குள் சேர்க்கும் பிளாஸ்டிக்) விரல் நுனி அளவு தூள்தான் என்கிறீர்கள். நீங்கள் போட்ட சாமான்களைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது: லிட்டருக்கு 5 கிராம் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், அதற்கு மேல் 2 கிராம் அம்மோனியம் சல்பேட், இரண்டுமே நைட்ரஜன் தீனி. யூரியாவை அள்ளிக் கொட்டிய நெல்வயல் மாதிரிதான், தழை வரும், மணி பிடிக்காது. நைட்ரஜன் தீர்ந்து சர்க்கரை மிச்சம் இருக்கும்போதுதான் இந்த பாக்டீரியா, நாம் கொழுப்பு சேர்ப்பதுபோல பிஎச்பியை உள்ளே நன்றாகச் சேர்த்துவைக்கும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டை அடியோடு நிறுத்துங்கள், மொலாசஸிலேயே கொஞ்சம் நைட்ரஜன் இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டை 0.5, 1 கிராம் என்று தனித்தனிக் குடுவையில் ஓட்டிப் பாருங்கள்.

4 நாளும் அதிகம். சர்க்கரை தீர்ந்ததும் சேர்த்ததைத் தானே தின்றுவிடும், வித்து (ஸ்போர்) உருவாக்க ஆரம்பித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 24 மணி நேரத்திலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டு எடுத்து சூடான் பிளாக் சாயம் போட்டு, மேலே சாஃப்ரனின் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். இளஞ்சிவப்பு செல்லுக்குள் கருநீல மணிகள் அடைத்துக்கொண்டு தெரிகிறதா, அப்போதே நிறுத்திவிடுங்கள்.

மேலே ஒருவர் குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு மாறச் சொல்கிறார். வேண்டாம். அது மொலாசஸில் இருக்கும் சுக்ரோஸ் சர்க்கரையை அப்படியே எடுக்காது, முதலில் உடைத்துக் கொடுக்க வேண்டும். 1926-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லெமுவான் பிஎச்பியைக் கண்டதே உங்கள் மெகடீரியத்தில்தான்.

அப்புறம், பிஎச்பியைப் பிரித்தெடுக்கும்போது, செல்லை உடைக்கப் போடும் ஹைப்போகுளோரைட்டை (பிளீச்) நன்றாகக் கழுவாமல் அசிட்டோன் ஊற்றிவிடாதீர்கள், பிஎச்பியைக் கரைக்கும் குளோரோஃபார்ம் வேலை ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி) மட்டும்.